ஆடிட் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்: உள்ளே போனா நிஜமா என்ன வேலை?

கயல்_காமர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நான் காமர்ஸ் ரெண்டாம் வருஷம். அடுத்த மாசம் ஒரு ஆடிட் ஃபர்ம்ல இன்டர்ன்ஷிப் சேரப் போறேன். நடுத்தர அளவு ஃபர்ம். ஆடிட், வரி, புக்கீப்பிங் மூணும் பண்றாங்க. ஆஃபர் லெட்டர்ல "ஆடிட் டீமுக்கு உதவுதல்"னு மட்டும்தான் போட்டிருக்கு.

வகுப்புல ஜர்னல் என்ட்ரி, ட்ரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்கோட இருப்பையும் பற்று, வரவுன்னு பட்டியல் போட்டு ஒத்துப் பாக்குறது), இறுதிக் கணக்கு எல்லாம் போட்டுப் பழக்கம் இருக்கு. ஆனா அங்க போய் உட்கார்ந்ததும் கையில என்ன குடுப்பாங்கன்னு தெரியல. ஏற்கனவே முடிச்சவங்கள்ல பாதிப் பேர் "நல்ல அனுபவம்"னு சொல்றாங்க, மீதிப் பேர் "டிக் அடிச்சு அடிச்சே நாள் போச்சு"ன்னு சொல்றாங்க. இதுல எதை நம்புறது? போறதுக்கு முன்னாடி எதைப் படிச்சுட்டுப் போகணும்?

பேரேடு:

தங்கச்சி, ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான். நான் ஆடிட் சீனியரா இருக்கேன், எங்க டீமுக்கு வர்ற இன்டர்ன்ஸுக்கு வேலை பிரிச்சுக் குடுக்குறது நான்தான். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல் ஓரிரு நாள் லாகின் வர்றதுக்கும் லேப்டாப் வர்றதுக்கும் காத்திருக்கிறதுலயே போயிடும். நடுவுல ஒரு படிவம் வரும். உன் பேர்லயோ வீட்டுல இருக்கிறவங்க பேர்லயோ எந்தக் கம்பெனிப் பங்கு இருக்கு, சொந்தக்காரங்க யாராவது கிளையண்ட் கம்பெனில வேலை பாக்குறாங்களான்னு கேட்கும். அதை ஏனோதானோன்னு நிரப்பாத. ஃபர்மோட சுயாதீனமே அதுலதான் நிக்குது. அப்புறம் போன வருஷ ஃபைலைக் குடுத்துப் படிக்கச் சொல்லுவாங்க. சும்மா உட்கார வைக்கக் குடுத்ததுன்னு நினைச்சு நிறைய பேர் புரட்டிட்டு மூடி வெச்சுடுவாங்க. அதைப் பொறுமையாப் படி. எந்த வேலையை ஏன் செஞ்சாங்க, மேனேஜர் எந்த இடத்துல கேள்வி எழுதினாங்க, அதுக்கு என்ன பதில் போச்சு, எல்லாம் அதுல இருக்கும். எந்தப் பாடப் புத்தகத்துலயும் இது கிடைக்காது.

அதுக்கப்புறம் வவுச்சிங். லெட்ஜர்ல (கணக்குப் பேரேட்டுல) இருந்து கொஞ்சம் என்ட்ரியை சாம்பிளா எடுத்துக் குடுப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் இன்வாய்ஸை எடுத்து, தேதி சரியா, தொகை சரியா, நம்ம கிளையண்ட் பேருக்குத்தான் வந்திருக்கா, அப்ரூவல் யார் குடுத்தது, சரக்கு வந்ததுக்கு ஜிஆர்என் (சரக்கை வாங்கினப்போ போடுற ரசீது) இருக்கா, எந்தத் தலைப்புல ஏத்தியிருக்காங்கன்னு பாக்கணும். டிக் அடிக்கிறதுன்னு சொல்றது இதைத்தான். கடைசிக் கேள்வியைத்தான் புதுசா வர்றவங்க தாண்டிப் போயிடுறாங்க. லெட்ஜர்ல "பராமரிப்புச் செலவு"ன்னு இருக்கும், இன்வாய்ஸ்ல உள்ள வரியைப் படிச்சா புது மோட்டார் வாங்கிப் பொருத்தினதா இருக்கும். அது சொத்துல போக வேண்டியது. தலைகீழாவும் நடக்கும். 2002-ல வேர்ல்டுகாம் கம்பெனி, மத்த நிறுவனங்களோட தொலைபேசி லைனை உபயோகிச்சதுக்குக் குடுத்த செலவைச் சொத்துன்னு காட்டினது வெளியே வந்தப்போ, முதல் அறிவிப்புலயே தொகை 380 கோடி டாலரைத் தாண்டிச்சு. அதைத் தோண்டி எடுத்தது அந்தக் கம்பெனியோட உள் தணிக்கைக் குழு. அவங்க பார்த்ததும் என்ட்ரியையும் அதுக்குப் பின்னால இருக்க வேண்டிய ஆதாரத்தையும்தான்.

இன்னொண்ணு, எந்தத் திசையில போறோம்னு தெரிஞ்சு வேலை செய். லெட்ஜர்ல இருந்து இன்வாய்ஸுக்குப் போனா, எழுதினது நிஜமா நடந்ததான்னு தெரியும். எழுதாம விட்டது எவ்வளவு நாள் தேடினாலும் அந்த வழியில கண்ணுல படாது. அதுக்கு ஜிஆர்என் கட்டுல இருந்து ஒண்ணை உருவி, அது லெட்ஜர்ல ஏறியிருக்கான்னு பாக்கணும். கட்ட வேண்டிய கடனை மறைக்கிறவங்க என்ட்ரி போடாமத்தான் மறைப்பாங்க. சாம்பிள் கைக்கு வந்ததும் "அண்ணா, இது எந்தப் பக்கம் இருந்து எடுத்தது?"ன்னு கேளு. நல்ல சீனியரா இருந்தா அந்த ஒரு கேள்வியிலயே உன்னை கவனிக்க ஆரம்பிச்சுடுவார்.

நிதானம்:

பேரேடு அண்ணன் சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லா இடத்துலயும் இப்படிச் சொல்லிக் குடுக்க ஆள் இருக்கான்னு கேட்டா, இல்ல. நான் ஒரு பெரிய ஃபர்ம்ல இன்டர்னா இருந்தேன். முழுக்க முழுக்க கன்ஃபர்மேஷன் கடிதம் (கணக்குல காட்டின இருப்பு சரிதானான்னு பேங்க்கிட்டயும் பாக்கிதாரர்கிட்டயும் கேட்குறது) அனுப்புறது, பதில் வரலன்னா மறுபடி மெயில் போடுறது, வந்த பதிலை ஒரு ஷீட்ல ஏத்துறது. கிளையண்ட் என்ன வியாபாரம் பண்றாங்கன்னுகூட யாரும் சொல்லல. சம்பளம் குறைச்சலா குடுத்து வேலை வாங்க மாணவங்க கிடைக்கிறாங்க, அவ்வளவுதான். பின்னாடி ஒரு உற்பத்திக் கம்பெனியோட அக்கவுண்ட்ஸ்ல சேர்ந்தப்போதான் கணக்குன்னா என்னன்னே புரிஞ்சுது. கயல், உங்களுக்கு வேற வாய்ப்பு இருந்தா அதையும் யோசிச்சுப் பாருங்க.

தேன்மொழி_ஆடிட்:

நிதானம் தம்பிக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனா அவர் கையில இருந்தது குமாஸ்தா வேலை இல்லன்னு நான் அழுத்திச் சொல்லணும். ஆடிட்லயே ரொம்பக் கனமான ஆதாரம் அது.

2009 ஜனவரியில சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் தானே கடிதம் எழுதி ஒத்துக்கிட்டப்போ, கணக்குல காட்டின ரொக்கம், பேங்க் இருப்புல 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லன்னு தெரிஞ்சது. 2011-ல அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அந்த ஆடிட்டர்கள் மேல போட்ட உத்தரவைப் படிச்சுப் பாருங்க. பேங்க் கன்ஃபர்மேஷனை அனுப்புறதையும் பதில் வாங்குறதையும் ஆடிட்டர்கள் தங்க கட்டுப்பாட்டுல வெச்சுக்காம கம்பெனி நிர்வாகத்துகிட்டயே விட்டுட்டாங்கங்கிறது அதுல முக்கியமான குற்றச்சாட்டு. கடிதம் யார் கையால போச்சு, பதில் எந்த வழியா வந்துச்சுங்கிறதுதான் அங்க பிரச்சனையே.

அதனாலதான் சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 505, இந்த வேலை முழுக்க ஆடிட்டரோட கட்டுப்பாட்டுல இருக்கணும்னு சொல்லுது. யாருக்கு அனுப்பணும்னு தீர்மானிக்கிறது, முகவரி சரியான்னு பாக்குறது, நேரா நமக்கே பதில் வர வைக்கிறது, எல்லாம் நம்ம பொறுப்பு. பதில் மெயில் வந்தா, அது பேங்கோட சொந்த டொமைன்ல இருந்துதான் வந்திருக்கான்னு பாக்குற முதல் கண்ணு இன்டர்னோட கண்ணுதான். கிளையண்ட் அலுவலகத்துல இருந்து "பதில் இங்க வந்துடுச்சு, நாங்களே ஸ்கேன் பண்ணி அனுப்புறோம்"னு சொன்னா அதை அப்படியே ஷீட்ல ஏத்திடக் கூடாது. உடனே சீனியர்கிட்ட சொல்லணும்.

நிதானம்:

அக்கா, நீங்க இப்போ சொன்னதை அன்னிக்கு யாராவது பத்து நிமிஷம் உட்கார வெச்சுச் சொல்லியிருந்தா நான் அந்த வேலையை வேற மாதிரி செஞ்சிருப்பேன். என் ஆதங்கமே அதுதான். ஷீட்டைக் குடுக்கிறவங்க, அது எதுக்குன்னு சொல்றதே இல்ல.

தேன்மொழி_ஆடிட்:

அதை நான் மறுக்கவே மாட்டேன் தம்பி. சொல்லிக் குடுக்க வேண்டியது எங்க கடமை. பிஸி சீசன்ல முதல்ல விட்டுப் போறது அதுதான். அதனால கயலுக்கு நான் சொல்றது: யாரும் சொல்லலன்னா நீங்களே கேளுங்க. "இந்த வேலையில நான் தப்பு விட்டா எந்தத் தொகை தப்பாகும்?"னு கேட்டுப் பாருங்க. பதில் சொல்றவருக்கும் அது நல்ல கேள்வி.

புதியவன்27:

நானும் இப்போ இன்டர்ன்தான், ஆனா ரொம்பச் சின்ன ஃபர்ம். பார்ட்னர், ரெண்டு ஸ்டாஃப், நான். இங்க ஆடிட்டைவிட புக்கீப்பிங்கும் வரியும்தான் ஜாஸ்தி. கிளையண்ட் ஒரு பையில பில்லைப் போட்டுக் கொண்டு வந்து குடுப்பாங்க. அதைத் தேதி வாரியாப் பிரிச்சு, என்ட்ரி போட்டு, பேங்க் ஸ்டேட்மெண்டோட ஒப்பிட்டு, ட்ரையல் பேலன்ஸ் எடுத்து, இறுதிக் கணக்கு வரைக்கும் ஒரே ஆளா கொண்டு போறேன். பெரிய இடத்துல ஒரு கம்பெனியோட ஒரு கணக்குத் தலைப்பை மட்டும் பார்ப்பாங்க. இங்க கம்பெனி சின்னதா இருந்தாலும் முழுசையும் பாக்குறோம்.

எங்க பார்ட்னர் சொல்லிக் குடுத்தது ஒண்ணு: பேங்க் ரீகன்சிலியேஷன்ல (நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் ஒப்பிடுறதுல) வித்தியாசம் வந்தா முதல்ல அதை 9-ஆல வகுத்துப் பார். மீதி இல்லாம வகுபட்டா, பெரும்பாலும் ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். 5,430-ஐ 5,340-னு போட்டா வித்தியாசம் 90. வகுபடலன்னா வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடு. வரவுல போக வேண்டியது பற்றுல போயிருந்தா வித்தியாசம் ரெண்டு மடங்கா நிக்கும். கம்ப்யூட்டர் வந்தப்புறமும் கையால ஏத்துற இடத்துலயெல்லாம் இது உதவுது.

கணக்குப்பிள்ளை:

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவைப் பல வருடங்களாக நடத்துகிறேன். ஆண்டுதோறும் ஆடிட் குழுவோடு இரண்டு மூன்று மாணவர்கள் வருவார்கள். அவர்களைப் பார்த்தே சில விஷயங்கள் சொல்லத் தோன்றுகிறது.

ஆடிட் நடக்கும் நாட்களில் எங்களுக்கு அன்றாட வேலை நின்றுவிடுவதில்லை. சம்பளப் பட்டியல், சப்ளையர்களுக்குப் பணம் கொடுப்பது, மாத அறிக்கை எல்லாம் அதே நாட்களில்தான் ஓடுகின்றன. அதற்கு நடுவே ஒரு பிள்ளை வந்து ஒரு வவுச்சர் கேட்கும், எடுத்துக் கொடுப்போம், கால் மணி நேரம் கழித்து அதற்கு அடுத்த வவுச்சரைக் கேட்கும். இன்னொரு பிள்ளை காலையில் வந்து, "சார், இந்தப் பட்டியலில் உள்ளவை வேண்டும், வவுச்சர் எண் வரிசையில் அடுக்கித் தந்திருக்கிறேன், மதியத்துக்குள் கிடைத்தால் போதும்" என்று ஒரே தாளைக் கொடுக்கும். இரண்டாவது பிள்ளைக்கு நாங்கள் கேட்காததையும் சொல்லுவோம். "இந்த சப்ளையரோடு வருட நடுவில் ஒப்பந்தம் மாறியது, அதையும் பார்த்துக்கொள்" என்போம்.

கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம் அம்மா. ஆனால் ஆவணத்தை ஒருமுறை படித்துவிட்டு வந்து கேள். "இது என்ன?" என்று கேட்பதைவிட, "கிரெடிட் நோட்டில் (திரும்பிய சரக்குக்குத் தொகையைக் கழித்துத் தரும் சீட்டில்) தேதி அடுத்த வருடத்தில் இருக்கிறது, சரக்கு இந்த வருடமே திரும்பி வந்திருக்கிறதே, ஏன்?" என்று கேட்டால் எங்களால் நேராகப் பதில் சொல்ல முடியும். எங்கள் பதிலைக் கேட்டதோடு நிறுத்திவிடவும் வேண்டாம். நான் வாயால் சொன்னதற்குத் தாள் கேட்டால் எனக்குக் கோபம் வராது. கேட்காமல் போனால்தான் இவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எனக்கே கவலை வரும்.

பேரேடு:

ஐயா சொன்னதை எங்க டீம்ல வாசிச்சுக் காட்டப் போறேன்.

கயல், ஸ்டாக் கவுண்ட்டுக்குக் கூப்பிட்டா கட்டாயம் போ. 1938-ல மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ்ங்கிற அமெரிக்க மருந்துக் கம்பெனியில, 8.7 கோடி டாலர் சொத்துல ஏறத்தாழ 1.9 கோடி டாலர் சரக்கும் வர வேண்டிய பாக்கியும் வெறும் தாள்ல மட்டும் இருந்தது தெரிய வந்துச்சு. அப்போ ஆடிட்டர் கோடவுனுக்குப் போய்ச் சரக்கைப் பாக்குறது கட்டாயமா இல்ல. அந்த மோசடிக்கு அப்புறம்தான் அமெரிக்காவுல ஸ்டாக்கை நேர்ல பாக்குறதும் பாக்கிதாரருக்குக் கடிதம் போடுறதும் வழக்கமான வேலையாச்சு.

அங்க போனதும் எண்ணுறது அவங்க ஆட்கள். நீ அதைக் கவனிச்சு, கொஞ்சத்தை நீயே மறுபடி எண்ணிப் பாக்கணும். பட்டியல்ல இருந்து சிலதை எடுத்து ரேக்ல தேடு, அப்புறம் ரேக்ல இருந்து சிலதை எடுத்துப் பட்டியல்ல தேடு. மேல சொன்ன அதே ரெண்டு திசை. அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருந்தா முன் வரிசையை எண்ணிப் பெருக்கிட்டு வந்துடாத. பின்னால இடைவெளி விட்டு அடுக்கியிருக்கலாம், அதனால சுத்தி வந்து பார். சில பெட்டியைத் திறக்கச் சொல்லு. தூசி படிஞ்சு மூலையில கிடக்கிற சரக்கைத் தனியாக் குறிச்சுக்கோ, அது விக்குமா, மதிப்பைக் குறைக்கணுமாங்கிற கேள்வி பின்னாடி வரும். கடைசியா, அன்னிக்குப் போட்ட கடைசி ஜிஆர்என் எண்ணையும் கடைசி டெலிவரி சலான் எண்ணையும் எழுதிட்டு வா. கட்-ஆஃப் வேலைக்கு (எந்தச் சரக்கு இந்த வருஷக் கணக்குல வரும், எது அடுத்த வருஷத்துல வரும்னு பிரிக்கிறது) அந்த ரெண்டு எண் இல்லாம எதுவும் நகராது. செருப்பு போட்டுட்டுப் போகாத, ஷூ போட்டுட்டுப் போ.

கயல்_காமர்ஸ்:

இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கவே இல்ல. ரொம்ப நன்றி. எக்செல் எவ்வளவு தெரியணும்? ராத்திரி லேட் ஆகுமா?

புதியவன்27:

ஃபில்டர், பிவட் டேபிள், சம்இஃப், விலுக்கப் இல்லன்னா எக்ஸ்லுக்கப், இது போதும். மத்தது வேலையில வந்துடும். ஆனா கிளையண்ட் குடுத்த லிஸ்டை வாங்கினதும் முதல்ல நீங்களே கூட்டிப் பாருங்க. அவங்க சாஃப்ட்வேர்ல இருந்து எடுத்த ஷீட்ல சில தொகை எண் மாதிரி தெரியும், ஆனா டெக்ஸ்டா உட்கார்ந்திருக்கும், கூட்டல்ல சேராது. மறைச்சு வெச்ச வரிசையும் இருக்கும். மொத்தம் ட்ரையல் பேலன்ஸோட ஒத்து வந்தப்புறம்தான் சாம்பிள் எடுக்கணும். முழுசா இல்லாத லிஸ்ட்ல இருந்து எடுத்த சாம்பிளுக்கு அர்த்தமே இல்ல.

பேரேடு:

நேரம், கிளையண்ட்டுகளோட வருஷக் கணக்கு எந்த மாசத்துல முடியுதுங்கிறதைப் பொறுத்தது. பிஸி சீசன்னா லேட் ஆகும். பரீட்சை லீவு, சம்பளம், வெளியூர் வேலை இதெல்லாம் சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்கோ. கேட்குறதுல தப்பே இல்ல.

கயல்_காமர்ஸ்:

சேர்ந்து சில வாரம் ஆச்சு. நல்லாப் போகுது, நிறையக் கத்துக்கிறேன். ஆனா இன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு. மனசு கேட்கல, அதான் இங்க வந்து கேட்குறேன்.

கொள்முதல் சாம்பிள்ல பெரும்பாலானது முடிஞ்சுது. சிலதுக்கு மட்டும் கிளையண்ட் இன்னும் தாள் தரல. நாளைக்கு மேனேஜர் ஃபைல் பாக்குறாங்க. என்னோட வேலை பாக்குற ஒருத்தர், என்னைவிட சீனியர், "மத்ததெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு, இதுக்கும் டிக் போட்டுடு, தாள் வந்ததும் பார்த்துக்கலாம்"னு சொல்றார். அவர் கெட்டவர் இல்ல, எனக்கு நிறையச் சொல்லிக் குடுத்தவர். அவர் பேச்சை மீறினா என்னாகும்னு பயமா இருக்கு. என்ன செய்யட்டும்?

நிதானம்:

போடாதீங்க. ஆடிட்டைப் பத்தி எனக்கு எவ்வளவு குறை இருந்தாலும் இதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல. அந்த டிக்குக்குப் பக்கத்துல இருக்கிறது உங்க பேர்.

பேரேடு:

நிதானம் சொன்னதேதான். அவரோட சண்டை போட வேண்டியதில்ல. டிக் போட வேண்டிய கட்டத்துல "ஆவணம் இன்னும் வரவில்லை"ன்னு எழுது. எந்தத் தேதியில யார்கிட்ட கேட்டங்கிறதையும் போடு. அப்புறம் அவர்கிட்டயே போய், "அண்ணா, இதை நிலுவைப் பட்டியல்ல சேர்த்துட்டேன், நாளைக்குக் காலையில மறுபடி கேட்டுடுறேன்"னு சொல்லு. அவருக்கு முதுகுக்குப் பின்னால நடந்ததா இருக்கக் கூடாது.

தேன்மொழி_ஆடிட்:

நானும் ஒரு மேனேஜர்தான், உங்க மேனேஜர் இடத்துல இருந்து சொல்றேன், கயல். நாளைக்கு நான் திறக்கிற ஃபைல்ல "வரவில்லை"ன்னு சில வரி இருந்தா எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல. கிளையண்ட்டோட ஃபைனான்ஸ் தலைமைக்கு நானே ஃபோன் போட்டு வாங்கிடுவேன், என் வேலையே அதுதான். ஆனா எல்லாத்துலயும் டிக் இருந்தா, நான் அதை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போயிடுவேன். என்னை நம்பி பார்ட்னர் கையெழுத்துப் போடுவார். நீங்க பாக்காததை எங்க யாராலயும் பார்த்திருக்க முடியாது.

தணிக்கைத் தரநிலை 230 (செஞ்ச வேலையை ஃபைல்ல எழுதி வைக்கிறதைப் பத்தினது) என்ன கேட்குதுன்னா, அந்த ஆடிட்ல சம்பந்தமே இல்லாத அனுபவமுள்ள ஒரு ஆடிட்டர் ஃபைலைத் திறந்தா, என்ன செஞ்சோம், என்ன ஆதாரம் கிடைச்சது, அதுல இருந்து எந்த முடிவுக்கு வந்தோம்னு அவருக்குப் புரியணும். இல்லாத ஆதாரத்துக்குப் போட்ட டிக், அவரை நேரா ஏமாத்துறதாகும். அது மட்டுமில்ல, தாள் வராம நிக்கிற சாம்பிள்தான் பல நேரம் கவனிக்க வேண்டிய சாம்பிள். மத்ததெல்லாம் சரியா இருந்துச்சுங்கிறது இதுக்கு ஆதாரமே ஆகாது.

நீங்க சொல்லியும் அவர் வற்புறுத்தினா, அவருக்கு மேல யார்கிட்ட பேசணும்னு யோசிக்காம நேரா மேனேஜர்கிட்ட போங்க. இன்டர்ன் வந்து கேட்டான்னு கோபப்படுற மேனேஜர் இருந்தா, அது அந்த ஃபர்மைப் பத்தி உங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல்.

கணக்குப்பிள்ளை:

எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. தாள் தராததற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. வேறு கிளையில் இருக்கும், அல்லது அதைப் பார்க்கிறவர் விடுப்பில் இருப்பார். யாரையும் சந்தேகப்பட்டுப் பேச வேண்டாம். ஆனால் கேட்பதையும் விட வேண்டாம்.

கயல்_காமர்ஸ்:

சொல்லிட்டேன். பேரேடு அண்ணன் சொன்ன மாதிரியே எழுதி வெச்சுட்டு அவர்கிட்டயும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், அப்புறம் "சரி, நிலுவைப் பட்டியலை எனக்கும் அனுப்பு"ன்னு சொல்லிட்டார். மேனேஜர் கிளையண்ட்கிட்ட பேசி, தாள் வந்துச்சு. ஐயா சொன்ன மாதிரி முக்கால்வாசி வேற கிளையில இருந்ததுதான், எல்லாம் சரியா இருந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் இன்வாய்ஸ் இருக்கு, சரக்கு வந்ததுக்கு ஜிஆர்என் இல்ல. அதை மேனேஜர் தன் கையில எடுத்துக்கிட்டாங்க. அது என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லல, நானும் கேட்கல.

இப்போ கடைசி சந்தேகம். காலேஜுக்கு இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட் குடுக்கணும். நான் பார்த்த வேலையை எவ்வளவு தூரம் எழுதலாம்? இந்த ஜிஆர்என் விஷயம் நல்ல உதாரணமா இருக்கும்னு தோணுது. ரிப்போர்ட்டோட மொழியைச் சரி பண்ண ஏஐ சாட்ல போடலாமா?

தேன்மொழி_ஆடிட்:

நல்ல வேளை, எழுதுறதுக்கு முன்னாடி கேட்டீங்க. ரகசியம் காக்குறது தொழில்முறை நெறியோட அஞ்சு அடிப்படைகள்ல ஒண்ணு. ஃபர்மை விட்டு வந்தப்புறமும் அது உங்களைக் கட்டும்.

கிளையண்ட் பேர், ஊர், தொகை, சப்ளையர் பேர் எதுவும் ரிப்போர்ட்ல வரக் கூடாது. என்ன தொழில்னு சொன்னாலே ஆளைக் கண்டுபிடிச்சுடலாம்னா அதையும் எழுதாதீங்க. ஜிஆர்என் விஷயம் இன்னும் முடிவாகாத ஒண்ணு, அதை விட்டுடுங்க. அதுக்குப் பதிலா கொள்முதல் சாம்பிளை எப்படிச் சோதிக்கிறது, ரெண்டு திசையில ஏன் போறோம், கட்-ஆஃப் எப்படிப் பாக்குறதுங்கிறதை நீங்களே உருவாக்கின ஒரு கற்பனைக் கணக்கை வெச்சு விளக்குங்க. பேராசிரியருக்கு உங்க புரிதல் தெரியும், யாரோட தகவலும் வெளியே போகாது.

ஒர்க்கிங் பேப்பர் (ஆடிட் வேலையை எழுதி வைக்கிற தாள்), ஸ்க்ரீன்ஷாட், கிளையண்ட் ஷீட் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க. ஃபர்ம் அனுமதிக்காத எந்த ஏஐ கருவியிலும் அதுல ஒரு வரியைக்கூட ஒட்டாதீங்க. எழுதி முடிச்ச ரிப்போர்ட்டைக் காலேஜுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி உங்க மேனேஜர்கிட்ட ஒரு தடவை காட்டி, சரின்னு மெயில்ல பதில் வாங்கிக்கோங்க. கடைசி நாள்ல எல்லாரும் அவசரத்துல இருப்பாங்க, அதனால ஒரு வாரம் முன்னாடியே குடுத்துடுங்க.